சென்னை ஃபுல் மாரத்தானுக்கு ஐந்து வாரம் முன்னால் ஆனைமலை பக்கம் ஒரு கிராமத்து ஹாஃப்: ஓடலாமா, எப்படி ஓடுவது?

திருப்பூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். வயது 38, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. ஜனவரியில் நடக்கிற சென்னை மாரத்தானில் முதல் முறையாக ஃபுல்லுக்கு, அதாவது 42.2 கிலோமீட்டருக்கு, பெயர் கொடுத்திருக்கிறேன். இதுவரை அதில் பாதியான ஹாஃப் மட்டும்தான், கடைசியாகக் கோவையில் ஓடியது 2 மணி 15 நிமிடம். ஃபுல்லை 5 மணி நேரத்துக்குள் முடித்தால் சந்தோஷம், கொஞ்சம் தாண்டினாலும் பரவாயில்லை, ஆனால் முடித்தே ஆக வேண்டும், மனதில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பயிற்சி ஒழுங்காகத்தான் போகிறது. வாரம் நான்கு நாள் ஓட்டம், ஒரு நாள் ஜிம், ஞாயிறு லாங் ரன் 24 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. பந்தயத்துக்கு ஐந்து வாரம் முன்னால் வருகிற ஞாயிறுக்கு அட்டவணையில் 28 போட்டிருக்கிறது. அதே ஞாயிறு பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை போகிற பக்கம் ஒரு கிராமத்தில் ஊர்க்காரர்களும் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களும் சேர்ந்து ஹாஃப் மாரத்தான் வைக்கிறார்கள். வருகிற பணம் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்கும் மைதானத்துக்கும் போகிறதாம். தென்னந்தோப்பு, வாய்க்கால் கரை, எதிரே மலை. படம் பார்த்ததிலிருந்து போக ஆசையாக இருக்கிறது. இத்தனை மாதமாக அதே பைபாஸ் ரோட்டில், அதே சாயப்பட்டறை வாசனையில் ஓடி அலுத்தும் போய்விட்டது.

எங்கள் ஓட்டக் குழுவில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முழு வேகத்தில் ஓடிப் பார், அப்போதுதான் ஃபுல்லில் எவ்வளவு வரும் என்று தெரியும் என்கிறார் ஒருவர். போகவே போகாதே, கால் மடங்கினால் சென்னை போச்சு என்கிறார் இன்னொருவர். முன்னால் கொஞ்சம் பின்னால் கொஞ்சம் சேர்த்து ஓடி 28 ஆக்கிவிடு என்று மூன்றாவது ஆள். மூன்றுமே சரி மாதிரி தெரிவதுதான் பிரச்சினை. தார் ரோடு பாதி, மண் ரோடு பாதி என்று அறிவிப்பில் போட்டிருக்கிறார்கள். காலை 6 மணிக்குத் தொடக்கம். பெண்கள் யாராவது இந்த மாதிரி கிராமத்து ஓட்டத்துக்குப் போயிருந்தால் இருட்டு, கழிப்பறை விஷயமும் கொஞ்சம் சொல்லுங்கள்.

காவிரிக்கரை

கட்டாயம் போங்க அக்கா. ஆனால் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, இந்த ஓட்டம் உங்களுக்கு என்ன வேலை செய்யப்போகிறது என்று முடிவு பண்ணிவிடுங்கள். அங்கே போய் மைக் சத்தமும் தாரை தப்பட்டையும் கேட்ட பிறகு முடிவெடுத்தால் அது கால் எடுக்கிற முடிவாகத்தான் இருக்கும், தலை எடுக்கிற முடிவாக இருக்காது.

என் கருத்து: முதல் ஃபுல் ஓடுகிறவருக்கு, ஐந்து வாரம் முன்னால், இது லாங் ரன்தான், பந்தயம் இல்லை. உங்களுக்குக் குறையாக இருப்பது வேகம் இல்லை. 2:15-ல் ஹாஃப் ஓடுகிறவருக்கு 5 மணி நேர ஃபுல்லுக்குத் தேவையான வேகம் ஏற்கெனவே கையில் இருக்கிறது, கணக்குப் பாருங்கள்: உங்கள் ஹாஃப் வேகம் கிலோமீட்டருக்கு 6:24 (6 நிமிடம் 24 நொடி), ஐந்து மணி நேரத்துக்குத் தேவை 7:06. குறைவது நான்கு, ஐந்து மணி நேரம் காலில் நின்று பழகிய பழக்கம். அதை 28, 30 என்று போகிற ஞாயிறுகள்தான் கொடுக்கும். அந்த ஞாயிறு ஒன்றைத் தூக்கி வேக ஓட்டத்துக்குக் கொடுத்துவிட்டால், அதோடு அடுத்த பத்துப் பதினைந்து நாள் ஆறுவதற்கும் போய்விடும். மூன்று வாரம் முன்னால் நீங்கள் ஓட வேண்டிய 30, 32 இருக்கிறதே, அதுதான் இந்தப் பயிற்சியிலேயே பெரியது, அதைக் களைத்த காலோடு ஓட வேண்டி வரும்.

28 ஆக்குவதற்கு முன்னால் 5, பின்னால் 2 என்று வையுங்கள். பின்னால் அதிகம் வைக்காதீர்கள். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் மெடல் போடுவார்கள், மோர் கொடுப்பார்கள், யாராவது போட்டோவுக்குக் கூப்பிடுவார்கள், பத்து நிமிடம் நின்றதும் இடுப்பும் தொடையும் இறுகிவிடும். அதற்கப்புறம் ஏழு கிலோமீட்டர் ஓடுவது காலுக்கு மட்டும் இல்லை, மனதுக்கும் பெரிய பாரம். முன்னால் ஓடுகிற ஐந்தை 6 மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டால் அப்படியே போய் நிற்கலாம்.

ஹாஃபை எப்படி ஓடுவது என்றால், முதல் 12, 13 கிலோமீட்டர் வழக்கமான ஈஸி வேகம், பேசிக்கொண்டே ஓடுகிற மாதிரி. மீதியை ஃபுல்லுக்கு நினைத்திருக்கிற வேகத்தில், 7:00 பக்கத்தில். மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். களைத்த பிறகு அந்த வேகத்தைக் கால் தேடிக் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் அன்றைக்கு உங்கள் பரீட்சை.

மூன்றரை_மணி

நான் முழுசாக மறுக்கிறேன். ஐந்து வாரம் என்பது நல்ல இடைவெளி. அனுபவசாலிகள் பலரும் ஃபுல்லுக்கு மூன்றிலிருந்து ஆறு வாரம் முன்னால் ஒரு ஹாஃபை முழு முயற்சியோடு ஓடுவது சும்மா இல்லை. பயிற்சியில் ஓடுவது வேறு, நெஞ்சில் பிப் (பந்தய எண் அட்டை) குத்திக்கொண்டு ஓடுவது வேறு. முந்தின இரவு தூக்கம் வராதது, தொடக்கத்தில் நெஞ்சு படபடப்பது, பக்கத்து ஆள் முந்தும்போது கை துறுதுறுப்பது, இதையெல்லாம் ஒரு முறை பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போனால் எவ்வளவோ நல்லது.

இன்னொன்று, இப்போதைய உடம்பின் நிலைமை உண்மையாகத் தெரிய வேண்டும். பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-ல் எழுதிய சூத்திரம் இன்றைக்கும் எல்லா இணையக் கணிப்பான்களிலும் இருக்கிறது. தூரம் இரட்டிப்பானால் நேரம் இரண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய 2.085 மடங்கு ஆகும். உங்கள் 2:15-ஐப் போட்டால் 4:41 வருகிறது. அது பழைய நேரம். இத்தனை மாதப் பயிற்சிக்குப் பிறகு 2:08 வருகிறது என்று வையுங்கள், அப்போது கணக்கு 4:27 பக்கம் போகும். இலக்கையே மாற்றி யோசிக்கலாம். 5 மணி நேரம் என்று மனதில் வைத்து மெதுவாகவே ஓடிக்கொண்டிருந்தால், அரை மணி நேரம் கூடுதலாக வெயிலில் நிற்பீர்கள். ஜனவரி என்றாலும் சென்னையில் எட்டரை மணிக்கு மேல் வெயில் வெயில்தான்.

திருப்பூர்க்காரி

காவிரிக்கரை அண்ணா, மூன்றரை மணி சார், இரண்டு பேருக்கும் நன்றி. 4:41 என்று பார்த்ததும் ஒரு நிமிடம் மனசு துள்ளியது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அந்த மண் ரோட்டில் ஓடுகிற நேரத்தை வைத்துச் சென்னைத் தார் ரோட்டைக் கணிக்க முடியுமா? அங்கே தூரம் சரியாக 21.1 இருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

காவிரிக்கரை

சரியான இடத்தில் கேட்டீர்கள். பெரிய பந்தயங்களில் தூரத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? ஒரு சைக்கிளின் முன் சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்டர் என்று ஒரு சின்ன எண்ணியை மாட்டுவார்கள். முதலில் இரும்பு டேப் வைத்து அளந்த நேரான ரோட்டில் அந்தச் சைக்கிளை மிதித்து, இத்தனை எண்ணுக்கு இத்தனை மீட்டர் என்று சரிபார்ப்பார்கள், அப்புறம் ஓட்டக்காரர் போகக்கூடிய மிகக் குறுக்கான கோட்டைப் பிடித்து முழுப் பாதையையும் மிதிப்பார்கள். அதற்கு மேலும் ஆயிரத்துக்கு ஒன்று என்று தூரம் சேர்ப்பார்கள், எந்தக் காரணத்தாலும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. ஃபுல்லுக்கு அது 42 மீட்டர்.

கிராமத்து ஓட்டத்தில் பெரும்பாலும் ஒரு பைக்கின் மீட்டரோ கைப்பேசியோ வைத்து அளந்திருப்பார்கள். 20.6 இருக்கலாம், 21.7-ம் இருக்கலாம். அது அவர்கள் மேல் குறை இல்லை, அவ்வளவு செலவு செய்து அளப்பதற்குப் பதில் அந்தப் பணம் பள்ளிக்கூடத்துக்குப் போவதுதான் எனக்கும் பிடிக்கும். உங்கள் கைக் கடிகாரமும் அடர்ந்த தோப்புக்குள் கொஞ்சம் தடுமாறும். அதனால் அங்கே வருகிற நேரத்தை ரீகல் சூத்திரத்தில் போட்டால், போடுகிற எண்ணே சரியில்லாதபோது வருகிற விடையை எப்படி நம்புவது?

அதோடு அந்தச் சூத்திரம், வாரத்துக்கு நிறைய கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். வாரம் 40, 45 ஓடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு 30 தாண்டிய பிறகு அது சொன்ன நேரம் கைக்கு எட்டுவதில்லை. ஹாஃப் நேரத்தை இரட்டிப்பாக்கி இருபது முப்பது நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள், முதல் ஃபுல்லுக்கு அதுவே நியாயமான கணக்கு.

இன்னும் ஒன்று. டிசம்பர் காலையில் ஆனைமலை பக்கம் குளிர்ந்திருக்கும், உடம்பு லேசாக ஓடும். ஜனவரியில் சென்னைக் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். அதனால் அன்று கடிகாரத்தைப் பார்ப்பதை விட மூச்சைப் பாருங்கள்.

பி.டி.வாத்தியார்

ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் நான். உடுமலை பக்கத்துப் பள்ளிகளில்தான் என் சர்வீஸ் முழுவதும் போனது, பிள்ளைகளை வாய்க்கால் கரையில் ஓட விட்டே பழக்கியவன். அம்மா திருப்பூர்க்காரி, வேகத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் தரையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு உங்களை வீட்டுக்கு நல்லபடியாக அனுப்பப் போவதோ நொண்ட வைக்கப் போவதோ தரைதான்.

வடகிழக்குப் பருவமழை அப்போது இன்னும் முடிந்திருக்காது. வாய்க்கால் கரையில் டிராக்டர் போன தடம் இரண்டு பக்கமும் பள்ளமாக இருக்கும், நடுவில் புல் முளைத்த திட்டு இருக்கும். பலரும் காய்ந்த சக்கரத் தடத்தில் ஓடுவார்கள், அது வழவழப்பாகத் தெரியும், ஆனால் ஓரம் சரிந்திருக்கும், கணுக்கால் உள்பக்கம் மடங்கும். புல் திட்டில் ஓடினால் கல் கண்ணுக்குத் தெரியாது. எங்கே காய்ந்து தட்டையாக இருக்கிறதோ அங்கே, அடியைச் சின்னதாக வைத்து, பார்வையை நாலைந்து அடி முன்னால் வைத்து ஓடுங்கள். கிலோமீட்டருக்கு அரை நிமிடம் கூடினால் கூடட்டும். தார் ரோட்டுக்கு மறுபடி ஏறுகிற இடத்தில் கவனம் வேண்டும், டிராக்டர் சக்கரத்துச் சேறு தாரில் அப்பிக் கிடக்கும், செருப்பிலேயே வழுக்கும், ஷூவில் கேட்கவே வேண்டாம். தோப்பு ஓரத்தில் விழுந்த தென்னை மட்டையைத் தாண்டிக் குதிக்காதீர்கள், சுற்றிப் போங்கள்.

கிராமத்துத் தார் ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரியும். ஒரே ஓரமாக இருபது கிலோமீட்டர் ஓடினால் ஒரு கால் நீளம் ஒரு கால் குட்டை மாதிரி வேலை செய்யும், முட்டிக்கு வெளிப்பக்கம் வலி வருவது பெரும்பாலும் இப்படித்தான். வண்டி இல்லாத இடத்தில் நடுப்பக்கம் போங்கள், சத்தம் கேட்டால் ஓரம் வாருங்கள்.

இப்போதே ஒரு வேலை தொடங்கலாம். தினமும் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், ஒரு பக்கம் ஒரு நிமிடம். அது சுலபமானதும் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். வாரத்தில் ஒரு ஈஸி ரன்னை ஏதாவது பள்ளி மைதானத்து மண்ணில் ஓடுங்கள். தாருக்கு மட்டும் பழகிய கணுக்கால் நேராக வாய்க்கால் கரைக்குப் போவதுதான் ஆபத்து.

அன்றைக்கு உள்ளூர்ப் பையன்கள் சிலர் வெறுங்காலில் உங்களைத் தாண்டிப் பறப்பார்கள். நம் நாட்டில் சிவ்நாத் சிங் அப்படி வெறுங்காலில் ஓடி வளர்ந்தவர்தான், 1978-ல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடத்தை நாற்பது வருடத்துக்கு மேல் நம் நாட்டில் ஒருவராலும் முறியடிக்க முடியவில்லை. அந்தப் பாதம் சின்ன வயதிலிருந்து உருவானது. அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள், கைதட்டுங்கள், கூட ஓட வேண்டாம்.

தோப்புக்காரன்

நான் ஓட்டக்காரன் இல்லை. தாராபுரம் பக்கம் எங்கள் ஊரிலும் இப்படி ஒரு ஓட்டம் வைக்கிறோம், தண்ணீர்ப் பந்தல், வழிகாட்டி எல்லாம் என் பொறுப்பு. அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

முதலில், ரோடு மூடப்பட்டிருக்காதுங்க. காலை ஆறிலிருந்து ஏழரை வரை பால் சொசைட்டிக்கு கேன் கட்டின டிவிஎஸ் ஃபிஃப்டி வந்துகொண்டே இருக்கும், அந்த நேரத்துக்குப் போகவில்லை என்றால் அவர்களுடைய பால் எடுக்கமாட்டார்கள், அவர்களுக்கு அன்றைக்கும் அது வேலை நாள். தேங்காய் லோடு, நார் மில் வண்டி, பள்ளத்தைத் தவிர்க்க வளைந்து வருகிற மினி பஸ் எல்லாம் வரும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நான்கு பேர் ஒரே வரிசையில் ஓடினால் ஹாரன் அடித்தும் பயனில்லாமல் அந்த மனுசர் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும். தயவு செய்து காதைத் திறந்து வையுங்கள்.

நாய் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தோப்பு வீட்டு நாய்க்கு ஓடுகிற ஆள் என்றாலே சந்தேகம். குரைத்துக்கொண்டு வந்தால் நின்றுவிடுங்கள், இல்லை நடங்கள், முதுகைக் காட்டி ஓடாதீர்கள், கல் எடுக்கவும் வேண்டாம். வீட்டுக்காரம்மா ஒரு அதட்டல் போட்டதும் போய்விடும். நாங்கள் முந்தின நாளே வீடு வீடாகப் போய் கட்டி வைக்கச் சொல்லுவோம், பெரும்பாலும் கட்டிவிடுவார்கள். இருட்டில் ஐந்து கிலோமீட்டர் முன்னால் ஓடச் சொல்லியிருக்கிறாரே காவிரிக்கரை, அதுதான் எனக்கு உடன்பாடில்லை. ஐந்து மணிக்கு எங்கள் ஆட்கள் யாரும் ரோட்டில் இருக்க மாட்டார்கள், நாயைக் கட்டுவதும் அஞ்சரைக்கு மேல்தான், டிசம்பரில் சூரியன் கிளம்ப ஆறேகாலுக்கு மேல் ஆகும். மழைக்குப் பிறகு வாய்க்கால் ஓரம் பாம்பும் இருக்கும். ஓடியே ஆக வேண்டும் என்றால் பள்ளி மைதானத்துக்குள்ளேயே சுற்றி ஓடுங்கள், விளக்கு போட்டிருப்போம்.

தண்ணீர் டம்ளர் விஷயம். பந்தலில் பேப்பர் கப்பை வாங்கிக் குடித்துவிட்டு ஓடிக்கொண்டே வாய்க்காலில் வீசுகிறார்கள். பெரிய பந்தயத்தில் பின்னாலேயே கூட்டுகிற ஆள் வருவார், இங்கே அந்தக் கப் தண்ணீரோடு போய் மடையில் அடைத்துக்கொள்ளும், மாடு தின்னும். போன முறை எங்கள் பிள்ளைகள் மத்தியானம் வரை இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பொறுக்கினார்கள். இடுப்பில் சின்ன பாட்டில் கட்டிக்கொண்டு வந்து நிரப்பிக்கொண்டால் எங்களுக்குப் பெரிய உதவி. இல்லையென்றால் இரண்டு நொடி நின்று குடித்துவிட்டுக் கூடையில் போடுங்கள்.

கழிப்பறை தொடங்குகிற பள்ளியில் இருக்கும், பெண்களுக்குத் தனியாக. வழியில் இருக்காது, ஆனால் எந்த வீட்டு வாசலில் நின்று கேட்டாலும் உள்ளே விடுவார்கள், கூச்சப்படாதீர்கள். எங்கள் ஊரில் பெண்கள் அன்றைக்கு ரோட்டையே கூட்டித் தெளித்துக் கோலம் போட்டு வைப்பார்கள், ஓடுகிறவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டே நிற்பார்கள். போன தடவை ஒரு பாட்டி, சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த கல்கண்டை வருகிற ஒவ்வொரு பெண்ணின் கையிலும் திணித்துக்கொண்டிருந்தார். ஆண்கள் கை நீட்டினால் கொடுக்கவில்லை.

மதுரை_டயட்டீஷியன்

தோப்புக்காரர் எழுதியதைப் படித்ததும் எனக்கே போக வேண்டும் போல் இருக்கிறது. நான் சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

திருப்பூர்க்காரி, இந்த ஹாஃப் உங்கள் வயிற்றுக்குத்தான் ஒத்திகை. சென்னையில் என்ன சாப்பிட்டு என்ன குடித்து ஓடப் போகிறீர்களோ, முந்தின இரவுச் சாப்பாடு முதற்கொண்டு அதையே இங்கே செய்து பாருங்கள். காலை 6 மணி ஓட்டத்துக்கு நாலரைக்கு இரண்டு இட்லியும் சர்க்கரையும், இல்லை வாழைப்பழமும் ரொட்டியும், எது உங்களுக்கு ஒத்துவருமோ அது. ஓட ஆரம்பித்த பிறகு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழம் 25 கிராம் பக்கம், ஓட்டக்காரர்கள் ஓடும்போது பிழிந்து சாப்பிடுகிற ஒரு பாக்கெட் ஜெல்லும் ஏறக்குறைய அவ்வளவுதான். பசித்த பிறகு சாப்பிடலாம் என்று இருக்காதீர்கள், முதல் 40, 45 நிமிடத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

கிராமத்துப் பந்தலில் அன்பாக என்னென்னவோ கொடுப்பார்கள். கடலை மிட்டாய் ஓடி முடித்த பிறகு சாப்பிடுங்கள், ஓடும்போது அந்தக் கொழுப்பு சீக்கிரம் செரிக்காது. இளநீர் அருமையானது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம். அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ் கரைசலோ வேண்டும். பாக்கெட் கிடைக்கவில்லை என்றால் ஒரு லிட்டர் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, அளவு மாறாமல்.

முக்கியமான விஷயம், தாகத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்கள், இவர்களிடம்தான் அது அதிகம். மெதுவாக ஓடுகிறவர்களுக்கு ஒவ்வொரு பந்தலிலும் நின்று குடிக்க நேரம் இருக்கிறது, ஆபத்து அங்கேதான். இந்த ஹாஃபுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். கிளம்பியதை விடக் கூடியிருந்தால் நீங்கள் குடிப்பது அதிகம். வலி வரும் என்று பயந்து முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன், தயவு செய்து வேண்டாம், தண்ணீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

மூன்றரை_மணி

தோப்புக்காரர் சொன்ன ரோட்டில் முழு வேகம் வேண்டாம் என்று ஒப்புக்கொள்கிறேன். பால் வண்டிக்கு நடுவில் பந்தயம் ஓட முடியாது. ஆனால் முழுக்க முழுக்க மெதுவாக ஓடவும் வேண்டாம் அக்கா. தார் ரோட்டில் வருகிற கடைசி 5 கிலோமீட்டரை மட்டும் கொஞ்சம் அழுத்தி, 6:40-க்கு இறக்கிப் பாருங்கள். முடிவில் இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட முடியும் என்கிற நிலையில் இருந்தால் ஃபுல்லுக்கு 7:00 வேகம் உங்களுக்குத் தாராளம். சூத்திரத்தை விட அதுவே நல்ல அடையாளம்.

திருப்பூர்க்காரி

அனைவருக்கும் மனம் நிறைந்த நன்றி. பதிவு செய்துவிட்டேன். எங்கள் குழுவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், கல்கண்டு கதையைக் காட்டினேன், அவ்வளவுதான்.

இப்படி வைத்திருக்கிறேன்: முன்னால் 4 கிலோமீட்டர் பள்ளி மைதானத்துக்குள், அங்கே அனுமதி கேட்டுக்கொண்டு. ஹாஃபில் மண் ரோடு முழுவதும் மூச்சுப் பார்த்து மெதுவாக, தாரில் 7:00, கடைசி ஐந்து கொஞ்சம் வேகமாக. முடித்த பிறகு கூடுதல் ஓட்டம் இல்லை, 25-ல் நிறுத்திக்கொள்கிறேன். அட்டவணையில் 28 என்று இருப்பதில் மூன்று குறைவது மட்டும் உறுத்துகிறது. அப்புறம் ஒரு கேள்வி பாக்கி. அடுத்த வாரம் என்ன செய்வது? திங்கள்கிழமையிலிருந்து வழக்கம் போல ஓடலாமா? முந்தின இரவே பொள்ளாச்சி போய்த் தங்குவதா, விடியற்காலையில் பல்லடம் வழியாகக் காரில் போவதா?

பி.டி.வாத்தியார்

முந்தின இரவே போய்விடுங்கள் அம்மா. விடியற்காலை என்றால் மூன்றரைக்கு எழுந்து, காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் முட்டியை மடக்கி உட்கார்ந்து, இறங்கியதும் ஓட வேண்டியிருக்கும். சென்னைக்கும் எப்படியும் வெளியூரில் தங்கித்தான் ஓடப் போகிறீர்கள், புது இடத்தில் தூங்கி எழுந்து ஓடுவதற்கும் ஒத்திகை ஆச்சு.

மூன்று கிலோமீட்டரைப் பற்றிக் கவலையே வேண்டாம். மண்ணில் ஓடிய 25, தாரில் ஓடிய 28-க்குக் குறைந்தது இல்லை, கெண்டைக்கால் மறுநாள் உங்களுக்கே சொல்லும்.

அடுத்த வாரம் பற்றி: ஜாக் ஃபாஸ்டர் என்று நியூசிலாந்துக்காரர் ஒருவர், 1974 காமன்வெல்த் போட்டி மாரத்தானில் 41 வயதில் 2 மணி 11 நிமிடத்தில் ஓடி வெள்ளி வாங்கியவர், பந்தயத்தில் முழு மூச்சாக ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் வேகப் பயிற்சி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தார். ஹாஃபுக்கு அது பதின்மூன்று நாள். நீங்கள் முழு மூச்சாக ஓடப் போவதில்லை, அதனால் ஒரு வாரம் போதும். திங்கள் நடை மட்டும். இரண்டாம் நாள்தான் வலி உச்சத்துக்கு வரும், பயப்பட வேண்டாம், செவ்வாய் முழு ஓய்வு. புதன்கிழமை அரை மணி நேரம் மெதுவாக. படி இறங்கும்போது வலிக்கவில்லை என்றால் வெள்ளி ஒரு ஈஸி ரன். அந்த ஞாயிறு 18-க்கு மேல் போகாதீர்கள். அதற்கு அடுத்த ஞாயிறு உங்கள் 30. அப்புறம் டேப்பர், ஒவ்வொரு வாரமும் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், நன்றாக இருக்கிறதே என்று கூட்டவே கூடாது.

குறிப்பிட்ட ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி வலி இருந்தால், குறிப்பாக முன்னங்கால் எலும்பிலோ பாதத்திலோ, அது தசை வலி இல்லை. ஓடிப் பார்க்காமல் உடனே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோப்புக்காரன்

மைதானத்துக்கு அனுமதி கேட்கும்போது முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் கேளுங்கள் அக்கா. அதற்கு அப்புறம் பந்தல் போடுகிறவர்கள், சமையல்காரர்கள் என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள், போனை எடுக்க ஆள் இருக்காது. மைதானத்தின் நடுவில் சமையல் பாத்திரமும் நாற்காலியும் இறக்கி வைத்திருப்பார்கள், எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியில் மாட்டுகிற டார்ச் இருந்தால் எடுத்து வாருங்கள், விடியற்காலை நாலரைக்கு மேல் மின்சாரம் போனாலும் போகும்.